அமெரிக்கப் படைக்கு ஒரு யாழ்ப்பாணக் கடிதம்

போன வெள்ளிக்கிழமை வெஸ்ட் ஈலிங்கில் கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில், பசி தாங்காமல் சிப்ஸ் கடைக்குள் நுழைந்தேன். விரத நாள், ஆகவே மீன் இல்லை, சிப்ஸ் மட்டும். கடைக்காரப் பெடியன் கேட்காமலே வினாகிரியை ஊற்றிவிட்டான். அந்தப் புளிப்பு ஆவி மூக்கில் ஏறியதும் நான் கடையில் இல்லை. எண்பதுகளின் கடைசியில், ஒரு நூலகத்தின் நிலவறையில், மைக்ரோபிலிம் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

பழைய பிலிம் கெட்டுப்போனால் வினாகிரி மணக்கும். உங்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. அந்த வேலை கிடைக்கும்வரை எனக்கும் தெரியாது. லண்டனின் மேற்கு ஓரத்தில் ஒரு சின்ன டவுன், அதற்கு ஒரு கவுன்சில் நூலகம், அதன் நிலவறையில் பழைய உள்ளூர்ப் பத்திரிகைகள் எல்லாம் பிலிமாகச் சுருண்டு கிடந்தன. யாராவது கேட்டால் சுருளை எடுத்து மெஷினில் மாட்டிக் கொடுப்பது என் வேலை. வாரத்துக்கு மூன்று பேர் வந்தால் அதிகம். மீதி நேரத்தில், கொண்டுபோன இடியப்பத்தை ஒளித்துச் சாப்பிடுவேன். வினாகிரி மணத்தில் சம்பல் மணம் யாருக்கும் பிடிபடாது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

பழைய பத்திரிகை பார்க்க வந்த ஜோய்ஸ் என்ற வெள்ளைக்காரப் பெண்ணுக்குப் பிடிபட்டது. அவர் ஐம்பதைத் தாண்டியவர், ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் வேலை. வந்த முதல் நாளே என் சம்பலை விரலால் தொட்டு நக்கி, கண் கலங்கி, இரண்டாம் தரமும் தொட்டார். பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னார். அவர் இங்கிலீஷில் சொன்னதை என் மனம் யாழ்ப்பாணத் தமிழில்தான் பதிந்து வைத்திருக்கிறது. அப்படியே தருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"சண்டைக் காலத்திலை எங்கடை பள்ளிக்கூட வளவுக்குள்ள அமெரிக்க ஆமிக்காரர் இருந்தவை. அதிலை ஒரு சமையல்காரன் எனக்கும் தம்பிக்கும் ஒவ்வொரு நாளும் டின்னிலை அடைச்ச பீச் பழம் தாறவன். ஒருநாள் காலமை போய்ப் பாத்தா ஒருத்தரும் இல்லை. நான் ஒரு தாங்ஸ் கூடச் சொல்லேல்லை."

அது இரண்டாம் உலகப் போர்க் காலம். அவருக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. அந்தப் படை கடல் கடந்து பிரான்சுக்குப் போனது மட்டும் பிறகு தெரிந்தது. சமையல்காரன் உயிரோடு திரும்பினானா? அதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. பெயர் ஸ்லிம். ஒல்லி என்று பட்டம், ஆளோ பீப்பாய் மாதிரி இருப்பானாம். எங்களூரிலும் பட்டப்பெயர் வைப்பது இந்த ஒழுங்கில்தான் என்பதால் எனக்கு இது வினோதமாகப் படவில்லை.

நான் நிலவறையில் இருந்த அந்த நாட்களில் யாழ்ப்பாணத்திலும் சண்டை. அம்மாவின் கடிதம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் புண்ணியம். ஆர் இருக்கிறார், ஆர் இல்லை என்று தெரியாமல் இருப்பது என்ன வருத்தம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தப் பெண்ணுக்கு எப்படியும் கண்டுபிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

ஆறு வாரம் பிலிமைச் சுற்றினோம். போர்க்காலத்தில் எந்தப் படை எங்கே நிற்கிறது என்று பத்திரிகையில் போட விடமாட்டார்கள். காணாமல்போன பூனை இருந்தது, நடன விழா இருந்தது, 'நமது அமெரிக்க விருந்தினர்' இருந்தார்கள். படையின் பெயர் மட்டும் இல்லை. கடைசியில் ஜோய்ஸ், ஸ்லிம்மின் தோளில் இருந்த சின்னத்தை நினைவிலிருந்து ஒரு கடதாசியில் கீறிக் கொடுத்தார். நான் அதைப் படைச்சின்னப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, பெரிய துப்பறிவாளர் போல, இதுதான் என்று ஒரு பக்கத்தில் விரலை வைத்தேன். அந்தப் படையின் பழைய வீரர் சங்க முகவரியும் கிடைத்தது.

ஜோய்ஸ் மூன்று வரி போதும் என்றார். எனக்கு அப்படி எழுத வராது. சுகம் விசாரிக்காமல் விஷயத்துக்குப் போனால் எங்கள் வீட்டில் அந்தக் கடிதத்தை மேலே வாசிக்கவே மாட்டார்கள். 'நாங்கள் இங்கே நலம். நீங்களும் மனைவி மக்களும் பூரண சுகத்துடன் இருக்க இறைவனை வேண்டுகிறோம். உங்கள் எல்லோருடைய சுகநலத்தையும் அறிய ஆவல்' என்று இங்கிலீஷில் டைப் அடித்து, அடியில்தான் ஸ்லிம்மையும் பீச் பழத்தையும் வைத்தேன். வீட்டில் என் கணவர் பிரதியை வாசித்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"அவை என்ன உம்மடை சித்தப்பாமாரோ, சுகம் விசாரிக்கிறீர்?"

ஜோய்ஸ் இரண்டு தரம் வாசித்தார். உங்கள் ஊர் வழக்கமா என்று கேட்டார். ஓம் என்றேன். அப்படியென்றால் இருக்கட்டும் என்று கையெழுத்து வைத்தார்.

சங்கத்தின் செயலாளர் அதை ஒரு சொல் விடாமல் தங்கள் செய்தித்தாளில் போட்டுவிட்டார். பதில் வந்தது பாருங்கள்! ஒன்றல்ல, இரண்டல்ல, இருபத்துமூன்று. முழங்கால் நோவு, சலரோகம், பெண்சாதியின் இடுப்பு எலும்பு, பேரப்பிள்ளையின் கலியாணப் படம். அறிய ஆவல் என்று எழுதியிருந்தோம் அல்லவா, அறிவித்தார்கள். எல்லாக் கடிதத்தின் அடியிலும் ஒரே செய்தி: நாங்கள் உங்கள் டவுன் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. ஜோய்ஸின் படத்தை நான்தான் தலைகீழாகப் பிடித்துப் பார்த்திருக்கிறேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததே என்று இரண்டு நாள் இடியப்பம் இறங்கவில்லை. ஆனால் சுகம் கேட்டவர்களை வெறுங்கையோடு அனுப்ப அந்தக் கிழவர்களுக்கு மனம் வரவில்லை. ஒருவர் முடிவெட்டும் கடையில் கடிதத்தை வாசித்தார். இன்னொருவர் தேவாலயத்தில் ஒட்டினார். வேறு படைகளின் செய்தித்தாள்களுக்கும் பிரதி போயிற்று. எட்டு மாதம் கழித்து, ஸ்லிம்மிடமிருந்தே ஜோய்ஸுக்குக் கடிதம் வந்தது. அவர் சமைத்தது ராணுவ லொறிகளைத் திருத்தும் வேறொரு கொம்பனியிலாம்.

ஒழுங்காகத் தன் முழங்காலில் தொடங்கியிருந்தார். அடுத்த வரியை ஜோய்ஸுக்கு வாசிக்க ஏலவில்லை, நான்தான் வாசித்தேன். 'பிள்ளைகள் ரெண்டு பேரும் தப்பிட்டினமோ? நாங்கள் போன கையோடை லண்டனிலை பறக்கிற குண்டு விழுகுதெண்டு கேள்விப்பட்டன். ஆரிட்டைக் கேக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை.'

இத்தனை வருஷமாக இந்தப் பக்கம் இவர் தேடியதை அந்தப் பக்கம் அவரும் தேடியிருக்கிறார்.

நூலகத் தலைவி தன் அறைத் தொலைபேசியில் ஜோய்ஸ் அமெரிக்காவுக்குப் பேசச் சம்மதித்தார். ஜோய்ஸ் நன்றியை ஒரு துண்டில் எழுதி மனனம் செய்துகொண்டு வந்திருந்தார். மறுமுனையில் குரல் கேட்டதும் துண்டு கீழே விழுந்தது.

"நாங்கள் ரெண்டு பேரும் இருக்கிறம், ஸ்லிம்."

பிறகு இரண்டு முனையிலும் சிரிப்பு. நானும் தலைவியும் வெளியே வந்து ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டோம். அதற்கு முன் அந்த அம்மா என்னிடம் காலை வணக்கத்துக்கு மேல் பேசியதில்லை.

இப்போது அந்தக் கட்டடம் உடற்பயிற்சிக் கூடம். நிலவறையில் சைக்கிள் மிதிக்கிறார்கள், எங்கேயும் போவதில்லை. ஸ்லிம் போய்விட்டார். ஜோய்ஸும் போன வருஷம் போய்விட்டார். ஆனால் என் மனம் அதிகம் தேடுவது அந்தத் தப்பான படையைத்தான். அவர்களுக்கு நன்றி எழுதியது நான் என்பதால், அந்த இருபத்துமூன்று பேரும் கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் எனக்கு அட்டை போட்டார்கள். அட்டை வந்தால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். முதலில் கையெழுத்து நடுங்கும். பிறகு மனைவியின் கையெழுத்தாக மாறும். பிறகு அதுவும் வராது. தொண்ணூறுகள் முடியும்போது ஒன்றே ஒன்று வந்தது. அடுத்த கிறிஸ்மஸுக்கு, தபால்காரரைத் தெருவில் மறித்து, பையை அடிவரை வடிவாகப் பார்த்தீரா என்று இரண்டு தரம் கேட்டேன்.