பாரமான கணினியும் ஒரு பழைய சிரிப்பும்

கடந்த சனிக்கிழமை எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் ரொறன்ரோக் கிளை ஒரு தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றியது. சங்கத்துக்கு ஒரு மடிக்கணினி வாங்குவது. பார்த்துவைத்த இரண்டில் பாரமானதையே வாங்குவது.

'ஏகமனதாக' என்ற சொல்லை வாசகர்கள் மீண்டும் ஒருமுறை வாசிக்கவேண்டும். கூட்டத்துக்கு வடை எடுப்பதா, பற்றிஸ் எடுப்பதா என்பதையே வாக்கெடுப்பில் தீர்த்துக்கொள்ளும் சபை இது. அதன் தலைவர் என்ற முறையில் நான் கண்ட முதலாவது ஒற்றுமை இதுதான்.

அந்த ஒற்றுமை எங்கிருந்து வந்தது?

மாரி தொடங்கிய நேரம். மார்க்கம் வீதியில் ஒரு பிளாசாவில் கணினிக்கடை வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர், எங்கள் முன்னால் இரண்டு மடிக்கணினிகளைத் திறந்துவைத்தார். ஒன்று பெரியது. அகன்ற திரை, சீடி போடும் தட்டு, இரண்டு பக்கமும் ஒலிபெருக்கி. கேம் விளையாடும் இளைஞர்கள் தேடிவந்து கேட்பது இதைத்தான் என்றார். தூக்கிப் பார்த்தேன்... அம்மிக்குழவி நினைவுக்கு வந்தது. மற்றது சிறியது; ஒரு அப்பியாசக் கொப்பியைப் போலக் கைக்குள் அடங்கியது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. சக்திக்கு ஒரு விலை என்றால், மெலிவுக்கும் ஒரு விலை இருக்கிறது!

செயலாளர் திருச்செல்வத்துக்குச் சிறியதில்தான் விருப்பம். அவரிடம் கார் இல்லை. எங்கள் கூட்டங்களோ ஒவ்வொரு மாதமும் ஒவ்வொருவர் வீட்டு நிலக்கீழ் அறையில் நடப்பவை.

"அண்ணை, உந்தப் பெரிசைத் தூக்கிக்கொண்டு நான் பஸ் ஏறினால் டிரைவர் ரெண்டு டிக்கெற் கேப்பான்" என்றார் என்னிடம்.

பொருளாளர் பாலேந்திரா பெரியதன் பக்கம். "சின்னன் லப்ரொப் இல்லை ஐசே, மூடி போட்ட கல்குலேற்றர்" என்று முடித்துவிட்டார்.

"உங்கட பெடியள் ரெண்டுபேரும் கேம் அடிக்கத்தானே உந்தப் பெரிசு?"

"அடிச்சால் என்ன? தேயுமோ?"

நான் தலையிட வேண்டியதாயிற்று. சங்கத்தின் பெயரால் வாங்கப்படும் பொருள் சங்கத்தின் தகுதிக்கு ஏற்றதாக இருக்கவேண்டும் என்பதை மட்டும் சொன்னேன். அது எந்தக் கட்சிக்குச் சார்பான கருத்து என்று இருவரும் வெகுநேரம் யோசித்தார்கள். கடைக்காரர் அனுபவசாலி. இரண்டையும் ஓரிரு மாதம் வைத்துப் பாவித்துப் பார்த்துவிட்டு ஒன்றைத் திருப்பித் தரும்படி கூறி அனுப்பிவைத்தார்.

இந்த நிலையில்தான் நவரத்தினம் அண்ணை காலமானார்.

கல்லூரியில் எனக்கு மூத்தவர். ஊரில் தபாலதிபராக இருந்தவர். இங்கே வந்து, முதுகு இடம்கொடுத்தவரை ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கியவர். அதிகம் பேசமாட்டார். எங்கள் வருடாந்த விருந்துக்கு வந்தால் கடைசி மேசையில் அமர்ந்து, சாப்பிட்டு, எல்லோருக்கும் முன்பாகப் புறப்பட்டுவிடுவார்.

எங்கள் வழக்கத்தை வாசகர்கள் அறிவார்கள். ஒருவர் மறைந்த முப்பத்தோராம் நாள் கிரியையின்போது, அவருடைய வாழ்க்கை வரலாறும் தேவாரங்களும் அடங்கிய சிறிய நூல் ஒன்றை அச்சிட்டு வந்தவர்களுக்குக் கொடுப்போம். கல்வெட்டு என்று அதற்குப் பெயர். அதன் முதற் பக்கத்தில் மறைந்தவரின் படம் இருக்கவேண்டும். படமில்லாத கல்வெட்டை நான் கண்டதில்லை.

மிஸிஸ் நவரத்தினத்திடம் இருந்தது ஒரே ஒரு படம். கனடாவுக்கு வந்து இறங்கியபோது குடிவரவுப் பத்திரத்தில் ஒட்டியது. மற்றவை? போரில் இடம்பெயர்ந்தபோது வீட்டுச் சுவரிலேயே விடப்பட்டவை. அந்தச் சுவரும் இப்போது இல்லையாம்.

பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன். தீர்ப்புக்குக் காத்திருக்கும் ஒருவரின் முகம்.

"அண்ணை, பள்ளிக்கூடத்துக் காலத்துப் படமெண்டாலும் ஆரிட்டையும் இருக்காதோ?" என்று கேட்டார் அவர். "உதைப் போட்டால், சனம் கடைசியா உந்த முகத்தைத்தான் நினைப்பில வைச்சிருக்கும்."

அச்சகத்துக்குக் கொடுக்க ஒரு வாரம் இருந்தது.

படம் ஒன்று இருந்தது. எங்கே என்பதும் எனக்குத் தெரியும். ரூஜ் பகுதியில் மகள் குடும்பத்தோடு வசிக்கும் சண்முகலிங்கம் அண்ணையின் அறைச் சுவரில், எங்கள் கல்லூரி விடுதி மாணவர்களின் வருடாந்தப் படம் தொங்குகிறது. அந்த ஆண்டு விடுதியின் மாணவத் தலைவர் அவர். ஐம்பது ஆண்டுகள் கடந்தும் அந்தப் பதவியிலிருந்து அவர் ஓய்வுபெறவில்லை. தொலைபேசியில் படத்தை இரவல் கேட்டேன்.

"படம் வீட்டு வாசல் தாண்டாது, ஐசே. கொப்பி எடுத்துத் தாறன் எண்டு என்ர கலியாணப் படத்தைக் கொண்டுபோனவனை நான் இண்டைக்கும் தேடுறன்."

இதில் அவரைக் குறைசொல்ல முடியுமா? வீடு, வளவு, புத்தகங்கள் எல்லாவற்றையும் விட்டுவந்தவர், சட்டைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தது அந்த ஒரு படத்தை. வேண்டுமானால் கணினியைக் கொண்டுவந்து தன் கண்முன்னே பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

திருச்செல்வத்தின் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். தோளில் காவிச்செல்லும் கணினி எதற்கு என்று இனி யாராவது கேட்பார்களா?

சிறியதைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் முன்னே நடந்தார். படத்தைப் பிரதி எடுக்கும் ஸ்கானரைத் துவாயில் சுற்றிக்கொண்டு நான் பின்னே நடந்தேன். பனிச்சேற்றில் நின்று இரண்டு பஸ் மாறினோம். பழைய மாணவர் சங்கத் தலைவர் துவாய் மூட்டையுடன் பஸ்ஸில் போவதைக் கண்டவர்கள் என்ன நினைத்தார்களோ... நான் எவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பலன்? விடுதிப் படத்தில் ஒவ்வொரு முகமும் புளியங்கொட்டை அளவு. முழுப் படத்தையும் உள்ளெடுக்கவே சிறிய கணினிக்கு மூச்சு வாங்கியது. நவரத்தினம் அண்ணையின் முகத்தைப் பெரிதாக்கச் சொன்னபோது, கறுப்பும் வெள்ளையுமாகச் சில சதுரங்களைக் காட்டியது. மீண்டும் சொன்னோம். அப்படியே உறைந்துபோயிற்று.

"உதைவிட என்ர மூக்குக்கண்ணாடி திறம்" என்று சொல்லிவிட்டு, சண்முகலிங்கம் அண்ணை படத்தைத் திரும்பவும் சுவரில் மாட்டினார்.

திரும்பிவரும் வழியில் திருச்செல்வம் என்னோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. நானும் பேச்சுக் கொடுக்கவில்லை. தோற்றவரோடு உடனே பேசுவது பண்பல்ல.

இரண்டு நாட்கள் கழித்து, பாலேந்திராவின் வான் வண்டியில் பெரிய கணினியை ஏற்றினோம். மிஸிஸ் நவரத்தினம் தானும் வருவதாகச் சொல்லி ஏறிக்கொண்டார். ரூஜ் வீட்டின் படிகளில் பாலேந்திரா அதைத் தூக்கிக்கொண்டு ஏறிய விதம், கோயிலில் சகடைத் தேர் இழுப்பதை ஒத்திருந்தது.

"பாரமோ அண்ணை?" என்று திருச்செல்வம் மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

"இல்லை. நீர் பேசாமல் கதவைப் பிடியும்."

சண்முகலிங்கம் அண்ணை கைகளைக் கழுவித் துடைத்துவிட்டு, படத்தைத் தானே சட்டத்திலிருந்து எடுத்து ஸ்கானரில் வைத்தார். பெரிய கணினி இரைந்தது. பிறகு அந்த அகன்ற திரையில்... என்னவென்று சொல்வது?

விடுதி வந்துவிட்டது.

வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை. பின்னால் சாப்பாட்டு மண்டபத்தின் தூண்கள். பாலேந்திரா ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிக்கொண்டு போக, சண்முகலிங்கம் அண்ணை பெயர் கூப்பிட்டார். மாலைப் படிப்புக்கு மணி அடித்ததும் வரிசையாக நிறுத்தி எப்படிக் கூப்பிடுவாரோ, அதே குரலில். இவன் நோர்வேயில். இவன் கொழும்பில் மகனோடு. இவன் நாட்டைவிட்டு அசையமாட்டேன் என்று இருக்கிறான். சில முகங்களில் பெயரைச் சொல்லிவிட்டு அவர் நிறுத்திக்கொண்டார். பாலேந்திராவும் ஒன்றும் கேளாமல் அடுத்த முகத்துக்கு நகர்ந்தார். வெள்ளிக்கிழமைச் சாம்பாரின் வாசனை எனக்கு வந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? சண்முகலிங்கம் அண்ணையின் காலடிச் சத்தம் கேட்டதும் அறைக்குள் ஓடோடிவந்து போர்வைக்குள் புகுந்து நித்திரைபோல் நடித்தவர்கள், தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, இமைக்காமல் எங்களைப் பார்த்தபடி நின்றார்கள்.

இரண்டாம் வரிசையில், இடமிருந்து நான்காவது முகம். அத்தனை பேரிலும் நவரத்தினம் அண்ணை ஒருவர்தான் சிரித்துக்கொண்டிருந்தார்.

சாதாரணச் சிரிப்பல்ல. வாய் திறந்து, கண் மூடி, தலை ஒரு பக்கம் சாய்ந்த சிரிப்பு.

"உவன்தான் படத்தைப் பழுதாக்கினவன்" என்றார் சண்முகலிங்கம் அண்ணை. குரலில் ஐம்பது வருடக் கோபம். படப்பிடிப்பாளர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, எவரும் அசையக்கூடாது என்று கட்டளையிட்டார். அதிபர் முன்வரிசையில் அமர்ந்திருக்க, ஒரு விடுதியே மூச்சை அடக்கி நின்றது. அந்த நேரம் பார்த்துத் துணிக்குள்ளிருந்து பலத்த தும்மல் ஒன்று. எல்லோரும் தாங்கிக்கொண்டார்கள். நவரத்தினம் ஒருவரால் முடியவில்லை.

மிஸிஸ் நவரத்தினம் திரைக்குக் கிட்ட வந்து நின்றார். வெகுநேரம் பார்த்தார்.

"அவருக்கு இப்பிடிச் சிரிக்கத் தெரியுமெண்டு எனக்கு ஆரும் சொல்லேல்லை."

எங்கள் பக்கம் திரும்பினார். கல்வெட்டில் இந்தப் படத்தையே போடச் சொன்னார்.

இங்கே நான் என் கருத்தைச் சொல்லவேண்டியிருந்தது. அந்த நூலில் சங்கத்தின் அஞ்சலியும் என் கையொப்பமும் இடம்பெறவிருந்தன. பேரப்பிள்ளைகள் கண்டு மறைந்த ஒருவருக்கு, பத்தொன்பது வயதில் வாய்விட்டுச் சிரிக்கும் படமா? சபைக்கு ஒரு முறை உண்டு. பார்க்கிறவர்கள் பிழையாக எண்ணுவார்கள். இரண்டு படங்களையும் வைத்துக்கொண்டு, முதற் பக்கத்தில் பத்திரத்துப் படத்தைப் போடுவதே பொருத்தம் என்று எடுத்துரைத்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"அண்ணை, அந்தப் பத்திரத்தில இருக்கிறவரோட நான் சீவிச்சு முடிச்சிட்டன். இவரைச் சனம் ஒருக்காப் பாக்கட்டும்."

வாதம் என்று வந்தால் நான் எளிதில் விட்டுக்கொடுப்பவன் அல்லன். ஆனால் கையிலிருந்த பத்திரத்தை மடித்து அவரிடமே கொடுத்துவிட்டேன். சண்முகலிங்கம் அண்ணைதான் மெல்லச் செருமிவிட்டு, பாலேந்திராவின் தோளைத் தட்டினார். "இன்னும் கொஞ்சம் பெரிசாக்கும், ஐசே. கன்னத்துக் குழியும் விழவேணும்."

அச்சகத்துக்காரர் இரண்டுமுறை தொலைபேசி எடுத்து, பேரனின் படத்தை மாறிக் கொடுத்துவிட்டீர்களா என்று விசாரித்தார். இல்லை என்று நானே பதில் சொன்னேன்.

முப்பத்தோராம் நாள் வீடு நிறைந்த கூட்டம். கல்வெட்டைக் கையில் வாங்கிய இளையவர்கள் முதற் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஆனால் எங்கள் வயதுக்காரர்களுக்கு ஒரு கணம்கூடத் தேவைப்படவில்லை. மூலையில் ஒருவர் "டேய், நவம்" என்றார் தாழ்ந்த குரலில். பக்கத்தில் இருந்தவர் தும்மலை ஞாபகப்படுத்தினார். மற்றொருவர் தோள் குலுங்குவது தெரிந்தது. துக்க வீட்டில் சிரிக்கலாகாது என்று வளர்க்கப்பட்ட கிழவர்கள், துவாயால் வாயைப் பொத்திக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். மிஸிஸ் நவரத்தினம் உள்ளேயிருந்து வந்து சண்முகலிங்கம் அண்ணைக்கு முன்னால் அமர்ந்து, அந்தத் தும்மற் கதையை முதலிலிருந்து சொல்லும்படி கேட்டார். அவர் சொன்னார். அன்று கோபம் இல்லாமல் சொன்னார்.

அதன் பிறகு என் தொலைபேசி ஓயவில்லை. சண்முகலிங்கம் அண்ணை வீட்டுப் படத்தில் தன் தகப்பனைத் தேடிப்பார்க்க ஒரு மகள். தன் தமையனை, தன் கூட்டாளியை, தன்னையேகூட! மார்க்கம் நகரிலிருந்து ஒருவர், தன் வீட்டுச் சுவரிலும் ஒரு படம் இருப்பதாகவும், 'உந்தப் பெரிய மெசினை'க் கொண்டுவர முடியுமா என்றும் கேட்டார்.

ஆகவே கடந்த சனிக்கிழமை, பெரியதை வாங்கவேண்டும் என்று பிரேரித்தவர் திருச்செல்வம். அதைத் தூக்கிக் காவும் பொறுப்பு பாலேந்திராவுடையது என்ற திருத்தத்தையும் அவரே கொண்டுவந்தார். பாலேந்திரா ஆட்சேபிக்கவில்லை.

சக்தியுள்ளதா, இலகுவானதா எனக் கடைக்குப் போகுமுன் என்னிடம் கேட்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: காட்டவேண்டியதைக் காட்டுமானால், தூக்க ஆள் வருவார்கள்.

அந்த விடுதிப் படத்தில் நானும் நிற்கிறேன் — கடைசி வரிசையில், கட்டளைப்படி, அசையாமல். அந்த முகத்தைப் பெரிதாக்கிக் காட்டும்படி இதுவரை எவரும் கேட்கவில்லை.