வாசல் விளக்கை அணைத்த வெர்னா

பென்சில்வேனியாவின் நிலக்கரி ஊர் ஒன்றில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் வெர்னா பவ்லிக். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவள். பிள்ளைகள் பேய் வேஷம் கட்டி வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் ஹாலோவீன் அன்று பொழுது சாய்ந்ததும் கேமராவும் ஸ்டாண்டுமாகத் தெருவில் இறங்கிவிடுவாள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு படம்: குடைந்த பூசணிக்காய்க்குள் எரியும் மெழுகுவத்தியின் வெளிச்சம் மட்டும் விழுந்த பிள்ளைகளின் முகங்கள்.

எத்தனை வருஷமானாலும் கிடைத்தபாடில்லை. வீட்டுக்கு வீடு வாசல் விளக்கு பளீரென்று எரியும். அதன் முன்னால் மெழுகுவத்தி எடுபடாது. போன வருஷம் இருட்டில் கறுத்துப்போன வெறும் பூசணிக்காய்ப் படம் ஒன்றை, தீயணைப்பு நிலையக் கூடத்தில் ஊரார் கூடும் நவம்பர் விருந்தில் மாட்டினாள். "என்ன வெர்னா, நிலக்கரியப் படம் புடிச்சியா?" என்று சிரித்து, காபிப் பாத்திரத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். இந்த வருஷம் வாசலுக்கு நேர்ச்சுவரில் மாட்டியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டாள்.

தோழி இர்மா டூடெக் வீட்டுப் படி நெடுகப் பூசணிக்காய்கள். வெர்னா நச்சரித்து நச்சரித்து அவளை வாசல் விளக்கை அணைக்க வைத்தாள்.

"ஒரு படம் எடுத்ததும் திரும்பப் போட்டுருவேன், சொல்லிட்டேன்," என்றாள் இர்மா.

விளக்கு அணைந்தது. படிகளில் மஞ்சள் வெளிச்சம் வெர்னா நினைத்தபடியே தளும்பியது. பிள்ளைகளைத்தான் காணோம். சூனியக்காரியும் எலும்புக்கூடுமாக வேஷம் கட்டிய கூட்டம் ஒன்று கேட் வரை வந்தது. "லைட்டு இல்லடா, இங்க மிட்டாய் கெடையாது, வா," என்று அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. பின்னால் வந்த கூட்டமும் அப்படியே. விளக்கு எரியாத வாசலில் கதவைத் தட்டக்கூடாது என்பது அந்த ஊரில் நடை பழகும் குழந்தைக்கும் தெரியும். வெர்னாவுக்குத் தெரியாதா என்ன? கேமராவையே நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு அது உறைக்கவில்லை.

"காலைலேருந்து பாகு காய்ச்சி ஆப்பிள் முக்கி வச்சிருக்கேன். ஈ காக்கா வரல. இத்தனையும் நீயா திங்கப் போற?" என்று இர்மா வெடித்தாள்.

"கொஞ்சம் பொறுடி."

"உன் படத்துக்காக என் வாசல் எழவு வீடு மாதிரி கெடக்கணுமா?"

வெர்னா கேட் வரை போய் நின்றாள். தினமும் பேருந்துப் படி ஏறும் பிள்ளைகளின் நடை அவளுக்கு அத்துப்படி. முகமூடி போட்டால் மறைந்துவிடுமா?

"ஏய் எலும்புக்கூடு! டேய் கோடி, உன் நடை எனக்குத் தெரியாதா? சூனியக்காரி, டெஸ், நீயுந்தான். எல்லாரும் ஏறுங்க!"

பேருந்தில் கேட்கும் அதே குரல். அடுத்த வீட்டுக்குப் போன கூட்டம் மறுபேச்சில்லாமல் திரும்பி வந்து படியேறியது.

"மிஸ் வெர்னா, நெஜமாவே மிட்டாய் இருக்கா?" என்றான் கோடி.

"ஆப்பிளே இருக்கு. மொதல்ல பூசணிக்காய் பக்கத்துல உக்காந்து முகமூடியக் கழட்டுங்க. வெளிச்சம் கம்மி, படம் புடிக்க நேரமாகும், அசையக்கூடாது. அசைஞ்சா படத்துல புகை மாதிரி கலைஞ்சிருவீங்க. எல்லாரும் ஒழுங்கா உக்காந்தாத்தான் வண்டி நகரும், தெரியும்ல?"

பிள்ளைகள் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டார்கள். வெர்னா பொத்தானை அழுத்தினாள். அசைந்தது ஒரே ஆள்தான். கதவருகே தட்டோடு நின்ற இர்மா, "இன்னுமா முடியல? ஆப்பிள் தட்டோட ஒட்டிக்குதுடி!" என்று இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தாள்.

நவம்பர் விருந்தில் அந்தப் படம் நேர்ச்சுவரில் தொங்கியது. பொன்னாக ஒளிரும் பிள்ளை முகங்கள். அவற்றுக்குப் பின்னால், உடம்பின் ஊடே கதவு தெரிய, கையில் தட்டேந்திய வெளிறிய உருவம் ஒன்று. ஊரே அதன் முன்னால் கூடி நின்றது.

"அந்தப் பேய் யாரு?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் இர்மாவே பக்கத்தில் நின்று பதில் சொன்னாள். "நாந்தான். புள்ளைங்க வருமா வருமான்னு காத்திருந்தே செத்துப்போனேன்."

காபிப் பாத்திரத்தின் பக்கம் ஆளே இல்லை. வெர்னா ஒரு கோப்பை நிறைய ஊற்றிக்கொண்டு, அங்கேயே நின்று சந்தோஷமாகக் குடித்தாள்.