அப்ப இது யாருங்க டீச்சர்?

போன வருஷம் ஆடி மாசம், காரமடைக்குப் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் உயர்நிலைப் பள்ளியில், ஒன்பதாம் வகுப்பில் நடந்தது இது.

நான் அறிவியல் ஆசிரியை. பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்ததிலிருந்து செல்போன், இன்டர்நெட் சம்பந்தமான வகுப்பெல்லாம் என் தலையில்தான். தகுதி என்று பெரிதாக ஒன்றுமில்லை. அந்தப் போர்டை முதல் நாள் தைரியமாக ஆன் செய்தவள் நான். மற்றவர்கள் ஷாக் அடிக்கும் என்பதுபோல் தள்ளி நின்றார்கள்.

அன்றைக்குப் போன் மோசடி பற்றிய வகுப்பு. "யார் கேட்டாலும் ஓ.டி.பி. சொல்லக் கூடாது" என்று வெறுமனே சொன்னால் பிள்ளைகள் "சரிங்க டீச்சர்" என்று கோரஸ் பாடிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார்கள். அதனால் நடித்தே காட்டிவிடலாம் என்று நினைத்தேன். என் போனை ஸ்மார்ட் போர்டில் இணைத்துவிட்டால் திரையில் வருவதெல்லாம் வகுப்புக்கே தெரியும். வெளியிலிருந்து ஒருவர் மோசடிக்காரர் மாதிரி கூப்பிட வேண்டும். ஸ்பீக்கரில் போட்டு, அவர் எப்படி வலை விரிக்கிறார் என்று காட்டலாம்.

மோசடிக்காரராக நடிக்க ஒத்துக்கொண்டவர் எங்கள் பி.டி. சார் ஒருவர்தான். பார்க்க ஆறடி உயரம், முறுக்கு மீசை. ஆனால் தோற்றுவிட்டு வரும் பையனைத் திட்டும்போதுகூட, "ஏனுங் கண்ணு, இப்படிப் பண்ணிப்போட்டீங்களே" என்றுதான் திட்டுவார். ஒத்திகையில், "ஏனுங்க, உங்க பேங்க் கார்டை முடக்கப் போறோமுங்க, தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார்.

"சார், அந்த 'ங்க'வை எல்லாம் எடுத்துடுங்க" என்றேன்.

"எடுத்துப்போட்டா மரியாதையில்லாமப் போயிருமேங்க" என்று உண்மையிலேயே கவலைப்பட்டார்.

பிள்ளைகள் நம்பரைக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று, அவர் தம்பியின் போனிலிருந்து கூப்பிடச் சொல்லியிருந்தேன். அந்த நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

வகுப்பு ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. தெரியாத நம்பர். பிள்ளைகளைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டேன்.

"மேடம், உங்க பேருக்கு ஒரு பார்சல் வந்திருக்கு. அட்ரஸ் தப்பா இருக்கு. இப்பவே கன்ஃபர்ம் பண்ணலைன்னா திருப்பி அனுப்பிடுவோம்."

அசந்துபோய்விட்டேன். குரலையே மாற்றிவிட்டாரே! ஒரு 'ங்க' கூட இல்லை. பேங்க் கதையை விட்டுவிட்டு, சொந்தமாக ஒரு பார்சல் கதை வேறு. பின்னணியில் நாலு பேர் பேசுகிற சத்தம்கூடக் கேட்டது. பத்தாம் வகுப்புப் பையன்களைப் பக்கத்தில் நிறுத்திப் பேச வைத்திருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"சார், பிரமாதம்! ஆனா இன்னும் கொஞ்சம் மிரட்டுங்க, அப்பத்தான் பிள்ளைகளுக்குப் புரியும்" என்றேன்.

"மேடம்?" என்றது குரல்.

"பி.டி. சாருங்களா டீச்சர்?" என்று ஒரு பெண் குசுகுசுக்க, வகுப்பு முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன்.

"மேடம், நான் சீரியஸா பேசிட்டிருக்கேன்."

"சீரியஸாப் பேசினாத்தான் சார் மார்க்கு" என்றேன். பிள்ளைகள் பெஞ்சைத் தட்டினார்கள். பாவம், அந்த ஆளுக்கு அவன் வாழ்க்கையில் இப்படியொரு ரசிகர் கூட்டம் கிடைத்திருக்காது.

"உங்க போனுக்கு ஆறு நம்பர்ல ஒரு கோடு வரும். அதைச் சொல்லுங்க, பார்சல் வந்துடும்."

சொன்னபடியே மெசேஜ் வந்தது. போர்டில் பெரிதாகத் தெரிந்தது. இதைக்கூட ஏற்பாடு செய்திருக்கிறாரே, தம்பி கம்ப்யூட்டர் படித்தவரோ என்று வியந்தேனே தவிர, மெசேஜை முழுசாகப் படிக்கவில்லை. "எந்த மெசேஜ் வந்தாலும் கடைசி வரி வரைக்கும் படிக்கணும்" என்று கால் மணி நேரத்துக்கு முன்னால் அதே இடத்தில் நின்று சொன்னவள் நான்.

"இப்ப நான் நம்பரைச் சொல்லப் போறேன். சொன்னா என்ன ஆகும்னு பாருங்க" என்று வகுப்புக்கு அறிவித்துவிட்டு, போனைப் பார்த்து ராகம் போட்டு ஆரம்பித்தேன். "நாலு… ஏழு…"

கதவருகில் நிழல் விழுந்தது. பி.டி. சார் நின்றிருந்தார். கழுத்தில் விசில், முழங்கை வரை ஈரம்.

"மன்னிச்சுக்கோங்க டீச்சர். பசங்க அடிச்ச பந்து தண்ணித் தொட்டியில உழுந்துபோச்சுங்க. எடுத்துப்போட்டு வாரதுக்குள்ள நேரமாயிருச்சு. இப்பக் கூப்பிடட்டுங்களா?"

வகுப்பு அவரைப் பார்த்தது. அப்புறம் மேஜைமேல் இருந்த போனைப் பார்த்தது. "மீதி நம்பர் சொல்லுங்க மேடம், சீக்கிரம்" என்றது போன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "அப்ப இது யாருங்க டீச்சர்?"

அடுத்த நம்பரைச் சொல்லத் திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. போனைக் கட் செய்யக்கூடக் கை வரவில்லை. சட்டென்று விஷயத்தைப் புரிந்துகொண்டவர் பி.டி. சார்தான். மேஜைக்கு வந்து போனை எடுத்தார். இந்த முறையாவது ஆள் பொங்கப் போகிறார் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

"ஏனுங்க, யாருங்க நீங்க? பள்ளிக்கூடம் நடக்கறப்ப இப்படியெல்லாம் பண்ணலாமுங்களா? ரொம்பத் தப்புங்க. வெச்சுருங்க."

மறுமுனை கட்டாகிவிட்டது. அந்தக் கேடியைக்கூட 'ங்க' போட்டுத்தான் திட்டினார் மனுஷர்.

வகுப்பில் கைத்தட்டல் கிளம்பியது. "சூப்பர் டீச்சர்! ரெண்டு பேரும் நெசமாட்டவே நடிச்சீங்க!" என்றார்கள் முன் பெஞ்சுக்காரர்கள். பாதிப் பேர் அதையும் நாடகம் என்றே நினைத்துவிட்டார்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு கணம் ஆசை வந்தது. பி.டி. சார்கூட "நாடகமாவே இருக்கட்டுங்களே" என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

போர்டில் அந்த மெசேஜ் இன்னும் இருந்தது. என் வாட்ஸ்அப்பை வேறொரு போனில் திறப்பதற்கான எண் அது. யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அதிலேயே எழுதியிருந்தது. இன்னும் நாலு எண் சொல்லியிருந்தால் என் கணக்கு அவன் கைக்குப் போயிருக்கும். பெற்றோர்கள் எல்லோரும் இருக்கிற எங்கள் வகுப்பு குரூப்பும் அதில்தான். டீச்சர் கேட்கிறாங்க என்றால் ஒரு வார்த்தை பேசாமல் பணம் அனுப்பிவிடுகிற ஜனங்கள்.

"நடிப்பில்லை கண்ணு. நான் நெசமாவே ஏமாறப் பார்த்தேன்" என்றேன்.

அப்புறம் ஒரு பையன், அவன் அப்பா பரிசு விழுந்ததாக நம்பி ஏதோ லிங்க்கை அமுக்கியதைச் சொன்னான். இன்னொருத்தி, அவள் சித்தி கரன்ட் பில் மெசேஜில் மாட்டியதைச் சொன்னாள். நாங்கள் சிரித்தோம், கையால் தலையில் அடித்துக்கொண்டோம், மணி அடித்தது தெரியவில்லை.

எல்லோரும் போன பிறகு அந்தக் கடைசி பெஞ்சுப் பெண் மட்டும் நின்றாள். இலவச லேப்டாப் என்று வந்த ஒரு படிவத்தில் போட்டோ, நம்பர் எல்லாம் கொடுத்துவிட்டாளாம். அதிலிருந்து யாரோ ஒருவன் மெசேஜ் அனுப்பி மிரட்டிக்கொண்டே இருக்கிறான். வீட்டில் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து, யாரிடமும் மூச்சு விடவில்லை. அன்று சாயங்காலமே நானும் பி.டி. சாரும் அவள் வீட்டுக்குப் போனோம். முதலில் என் கதையைச் சொன்னேன். அவள் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மகள் தன் கதையைச் சொல்லிவிட்டாள். திட்டு விழவில்லை. சைபர் கிரைமில் புகார் கொடுத்தோம். அதோடு அவன் தொல்லை நின்றது.

டீச்சருக்கு எல்லாம் தெரியும் என்று அந்தப் பிள்ளைகள் நம்பிக்கொண்டிருந்தவரை, ஒருவர்கூட என்னிடம் வந்து எதையும் சொன்னதில்லை. டீச்சரும் ஏமாறுவாள் என்று தெரிந்த நாளிலிருந்துதான், சந்தேகமாக ஒரு மெசேஜ் வந்தால் முதலில் என்னிடம் ஓடி வருகிறார்கள்.