ரோமாபுரி நிருபத்தின் கடைசிப் பக்கம்

செங்கல்பட்டில் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வேதபாடக் குழுவில் மூன்றே பேர். நான் பரம்பரை லுத்தரன். புத்தக அலமாரியும் தொப்பையும் ஒன்றாகப் பெருத்தவன். என்னோடு ஒரே அலுவலகத்தில் குப்பை கொட்டிய நண்பன் ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கன். மூன்றாமவர் வேன் ஓட்டும் பெந்தெகொஸ்தேகாரர்.

ரோமாபுரி சபைக்கு அப்போஸ்தலர் எழுதிய நிருபத்தை நாங்கள் தொடங்கியபோது வேன்காரருக்குக் கல்யாணமாகவில்லை. இப்போது அவர் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். நாங்கள் மூன்றாம் அதிகாரத்தைத் தாண்டவில்லை. ஒரு வசனத்துக்கு ஒரு மாதம் என்பது எங்கள் முறை. விசுவாசம் ஒன்றே போதுமா, நற்கிரியைகளும் வேண்டுமா என்ற கேள்வி அங்கேதான் கிளம்புகிறது. அதை வைத்து ஐரோப்பாவே இரண்டாகப் பிளந்தது. விசுவாசமே போதும் என்பது என் கட்சி, நல்ல செயல்களும் வேண்டும் என்பது நண்பனுடையது. நாங்கள் மட்டும் சளைத்தவர்களா?

ஒரு ஞாயிறு நான், "மெழுகுவத்தி ஏத்தியே மோட்சத்துக்கு ரிசர்வேஷன் பண்ணிடலாம்னு பாக்குற" என்றேன். "உங்க ஆளுங்களுக்கு வாய் மட்டும்தான்டா, கை நீளாது" என்றான் நண்பன். எழுந்து போனவன் பிறகு என்னோடு பேசவேயில்லை.

நண்பன் தன் மகளோடு இருக்கப் படூருக்குக் குடிபோகிறான் என்று வேன்காரர் சொன்னார். பேசாமலே போய்விடுவானோ? கடைசிக் கூட்டத்தை அவர் சதுரங்கப்பட்டினம் கோட்டையில் வைத்தார். நான் அடிக்குறிப்புகள் சகிதம் ஒரு சமாதான உரையோடு போனேன்.

நான் தொண்டையைச் செருமியதும் நண்பன் வேன்காரரிடம் திரும்பினான். "ஐயாவ பேச வேணாம்னு சொல்லு. அந்தக் காலத்துல கடுதாசி வந்தா சபையில முழுசா படிப்பாங்களாம். படிக்கச் சொல்லு."

"அண்ணாத்த, காதுல வுழுந்துச்சா?" என்றார் வேன்காரர் என்னிடம்.

படித்தேன். மதில் நிழல் நகர நகர நாங்களும் நகர்ந்து உட்கார்ந்தோம். மூன்றாம் அதிகாரம் டீ ஆறுவதற்குள் வந்து போய்விட்டது. தேவனுடைய அன்பிலிருந்து நம்மை எதுவும் பிரிக்காது என்ற இடத்தில் வேன்காரர் போட்ட அல்லேலூயாவில் மேய்ந்துகொண்டிருந்த ஆடு துள்ளியது. என் தொண்டை கட்டியபோது, தண்ணீர் பாட்டில் ஒன்று நண்பன் பக்கமிருந்து உருண்டு வந்தது.

கடைசிப் பக்கத்துக்கு நாங்கள் போனதே இல்லை. அங்கே கல்யாணப் பத்திரிகை மாதிரி வரிசையாகப் பெயர்கள். இன்னாரைக் கேட்டதாகச் சொல்லுங்கள், இன்னார் வீட்டில் கூடும் சபையை, இன்னாருடைய அம்மாவை. இவ்வளவு கனமான இறையியலை எழுதிய மனிதர், கடைசியில் ஒவ்வொருவராக நினைத்து நினைத்து நலம் விசாரிக்கிறார். அதோடு ஒரு கட்டளை: ஒருவரையொருவர் பரிசுத்த முத்தம் கொடுத்து வாழ்த்த வேண்டும். நான் நிறுத்திவிட்டேன்.

"இன்னா நின்னுட்ட? வேதத்துல எய்திக்கீதுல்ல? செய்ங்க" என்றார் வேன்காரர்.

"அது அந்தக் காலத்து மத்தியதரைக்கடல் வழக்கம்…" என்று தொடங்கினேன். நண்பன் எழுந்து வந்து என் தலையை இரு கையாலும் பிடித்து, வழுக்கையின் நட்டநடுவில் ஒரு முத்தம் வைத்தான்.

"விளக்கம் குடுத்தே சாவுடா. எனக்கும் ஒண்ணு குடு."

கொடுத்தேன். சவரம் செய்யாத கன்னம். இறையியல் என்னை இப்படிக் குத்தியதில்லை. வேன்காரர் தன் பங்குக்குக் கன்னத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

திரும்பும் வழியில் நண்பன், "அடுத்த ஞாயிறு படூர் வந்துடு. நாலாம் அதிகாரத்துல ஆபிரகாம வச்சி உன்ன மடக்குறேன் பாரு" என்றான்.

ஆபிரகாம் விசுவாசத்தால்தான் நீதிமானானார் என்று நாலாம் அதிகாரம் முழுக்க என் கட்சிக்குச் சாதகம். அதை நான் சொல்லவில்லை. எத்தனை மணிக்கு வரட்டும் என்று மட்டும் கேட்டேன்.