மரைக்குக் குறுக்கே ஒரு சுள்ளி

என் கணவர் துவக்கோடு காட்டுக்குப் போனால் வெறுங்கையோடு திரும்புவது அரிது. நாங்கள் குடியேறிய வெரிபீயில் எங்கள் கராஜில் இருக்கும் ஃப்ரீசர் நிறைய அவர் சுட்ட மரை இறைச்சிதான். இங்குள்ளவர்கள் சாம்பார் என்று சொல்லும் அந்தப் பெரிய மானை, வன்னியில் பிறந்த எங்களுக்கு மரை என்றுதான் சொல்ல வரும்.

நானும் வேட்டைக்குப் போகிறவள்தான். ஆனால் என்னிடம் இருப்பது மரவில். இப்போதைய விற்களில் உள்ள குறிபார்க்கும் கண்ணாடியோ, இழுத்த நாணின் பாரத்தைத் தாங்கும் சக்கரங்களோ அதில் கிடையாது. மிகக் கிட்டத்தில் வந்தால் மட்டுமே அம்பு விடுவேன். தூரத்தில் விட்டால் காயப்பட்ட மிருகம் எங்கேயோ போய்க் கிடந்து வதைபட்டுச் சாகும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

இதனால் வருடக்கணக்காக எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. காற்றுத் திரும்பி என் மணத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும். காலுக்குக் கீழே காய்ந்த மரப்பட்டை நொறுங்கும். ஒருமுறை, நல்ல நேரம் பார்த்துத் தும்மினேன்.

போன குளிர்காலத்தில் கிழக்கு மலைக்காட்டுக்குப் போனோம். "இந்தமுறை துவக்குக் கொண்டு வரேல்லை. நீர் மட்டும் வேட்டையாடும்" என்று கணவர் பெருந்தன்மையாகச் சொன்னபோதே எனக்கு எரிச்சல் வந்தது. மரைகள் புரளும் சேற்றுக்குழி ஒன்றின் அருகே, விழுந்த மரத்துக்குப் பின்னால் நான் முழங்காலிட்டேன். அவர் மேலே சரிவில் இருந்தார். காற்று என் முகத்தில் அடித்தது. குளிரில் விரல்கள் மரத்துப்போயின.

விடிந்து கொஞ்ச நேரத்தில் பெட்டை மரை ஒன்று பன்னச் செடிகளை விலக்கிக்கொண்டு வந்தது. குழிக்கரையில் நின்று தலையைத் திருப்பியது. அதன் மூச்சுப் புகை தெரியுமளவுக்குக் கிட்ட. நாணை இழுத்தேன். கை நடுங்கவில்லை. விட்டேன்.

'டிக்' என்று ஒரு சத்தம். மரை துள்ளிப் பாய்ந்து, உடைந்த சங்கை ஊதியதுபோல் ஒருமுறை கத்திவிட்டு மறைந்தது.

கணவர் இறங்கி வந்தார். "பட்டதோ?"

"தெரியேல்லை."

படவில்லை என்று உறுதியாகத் தெரியாமல் திரும்பிப் போக முடியாது. மத்தியானம் வரைக்கும் சரிவெல்லாம் ஏறி இறங்கி இரத்தம் தேடினோம். ஒரு துளிகூட இல்லை. கடைசியில் அவர்தான் அம்பைக் கண்டெடுத்தார். குழிக்கு அப்பால் சேற்றில் குத்தி நின்றது. முனையில் இரத்தமும் இல்லை, மயிரும் இல்லை. திரும்பி வந்து பார்த்தால், நான் இருந்த இடத்துக்கு முன்னால் பென்சில் தடிப்பில் ஒரு சுள்ளி புதிதாக முறிந்து தொங்கியது. அம்பு அதில் பட்டுத் திசைமாறிப் போயிருக்கிறது. இவ்வளவு நேரமும் அதற்குப் பின்னால்தான் இருந்திருக்கிறேன், கண்ணில் படவேயில்லை.

மரை தப்பியதில் ஆறுதல். ஆனால் அழுகையும் வந்தது.

அவர் வாயைத் திறந்தார். "துவக்கு எண்டால்..."

"ஒண்டும் கதைக்காதேங்கோ."

"நான் என்ன சொல்ல வந்தனான் எண்டு கேளுமன்."

"தெரியும். ஒரு வெடியோட முடிஞ்சிருக்கும். அதுதானே?"

அவர் என் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அதுவும் எனக்குக் கோபமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் சுட்ட இறைச்சியையே எடுத்து, மிளகாய்த்தூளைக் கொஞ்சம் கூடவே அள்ளிப்போட்டுக் கறி வைத்தேன். கண்ணில் நீர் வழிய அவர் சாப்பிட்டார். "நல்ல உறைப்பு" என்றார். சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் வில்பயிற்சி மைதானத்துக்குப் போனேன். முதல் அம்பே இலக்கின் நடுவில் போய்க் குத்தியது. பக்கத்தில் நின்ற ஒருவர் கைதட்டினார். வில்லை அப்படியே போட்டு மிதிக்கலாம் போல இருந்தது.