குழு வருகிறதென்று பிடுங்கிய புல்

நாகஜோதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கோபம் அவள் மேல் இல்லை. எங்கள் தாவரச் சூழலியல் துறைத் தலைவரும் அவளுடைய வழிகாட்டியுமான சாமியப்பன் மேல்.

நானும் அவளும் ஒரே ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவிகள். அவளுடைய அப்பா தவசி சிவகங்கைப் பக்கமிருந்து பிழைக்க வந்து, திருப்பூர்ச் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். அவள் தினமும் அங்கிருந்து பஸ் பிடித்துப் பல்கலைக்கழகத்துக்கு வருவாள். நாங்களெல்லாம் அபூர்வச் செடி தேடி மலையேறினோம். அவள் நொய்யல் கரையில் சாயத் தண்ணீர் பாய்ந்து பாழான மேய்ச்சல் காட்டு மண்ணை மூட்டை கட்டிக்கொண்டு வந்தாள்.

"எங்கய்யா வேலை பாத்த பட்டறைத் தண்ணி பாஞ்ச மண்ணுடி. அதுல என்ன உசுரு மிச்சமிருக்குன்னு பாக்கணும்" என்றாள்.

ஆய்வகத்தின் பின்னால் செங்கல் வைத்துப் பாத்தி கட்டி அந்த மண்ணைக் கொட்டினாள். எதையும் விதைக்கக் கூடாது, எதையும் பிடுங்கக் கூடாது. மண்ணுக்குள் கிடக்கும் விதைகளில் எது தானாக முளைக்கிறது, எது மறுபடி விதை பிடிக்கிறது என்று மூன்று வருஷம் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆராய்ச்சி. முதல் வருஷம் ஒன்றுமே இல்லை. வெறும் மண்ணுக்குக் காவல் இருக்கிறாள் என்று அவளைக் கிண்டல் செய்தோம். அடுத்த வருஷம் கோரையும் அருகும் வந்தன. மூன்றாம் வருஷ ஐப்பசி மழைக்குக் கொழுக்கட்டைப்புல் எழும்பிக் கதிர் விட்டது. ஆடு மாடு தின்கிற புல். அந்த மண்ணில் அது முற்றி விதையாகுமா என்று பார்க்கத்தான் அவள் அத்தனை நாள் காத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தர மதிப்பீட்டுக் குழு வருகிறது என்றார்கள். பல்கலைக்கழகம் கல்யாண வீடாகிவிட்டது. சுவருக்குச் சுண்ணாம்பு, ஜன்னலுக்குப் புதுத் திரை, மரத்துக்கெல்லாம் காவிப்பட்டை. குழு வருவதற்கு முந்தைய நாள் காலையில் நாங்கள் போனபோது பாத்திகளில் ஒரு புல் இல்லை. மண்ணைக் கொத்திப் புரட்டி, செம்மண் கலந்து, வரிசையாகக் குரோட்டன்ஸ் நட்டிருந்தார்கள். பிடுங்கியதை நாங்கள் வருமுன்பே குப்பை வண்டி அள்ளிக்கொண்டு போய்விட்டது.

துப்புரவு வேலை பார்க்கும் பழனாயி மிரண்டுபோய் நின்றார். "பிடுங்கலாமான்னு நான் கேட்டனுங்க. களைதான, சுத்தம் பண்ணுன்னு சார்தானுங்க பக்கத்துல நின்னு பிடுங்கச் சொன்னாரு."

களைச்செடிகளைப் பற்றிப் புத்தகம் போட்ட மனிதர் சாமியப்பன். ஆராய்ச்சியைப் பார்க்க வருகிறவர்களுக்காக ஆராய்ச்சியையே பிடுங்கிக் குப்பையில் போட்டிருக்கிறார். இப்படி ஒரு கூத்து வேறெங்காவது நடக்குமா? அதற்காகத் துளி வெட்கம்கூட இல்லை அவருக்கு.

"கோவிச்சுக்காத கண்ணு. வர்றவங்க பெரிய மனுசங்க. லேப்புக்குப் பொறவால பொதராக் கெடந்தா நம்ம டிபார்ட்மெண்டுக்குத்தான அசிங்கம்? அறுவடை முடிஞ்சுது, சாம்பிள் லேப்ல இருக்குதுன்னு சொல்லிரு" என்றார், தேன் ஒழுக.

மறுநாள் குழுவிலிருந்த ஓர் அம்மையார் குரோட்டன்ஸைப் பார்த்துவிட்டு, நாகஜோதியிடம் ஆங்கிலத்தில், "உன் செடிகள் எங்கேம்மா?" என்று கேட்டார்.

"நீங்கள் வருகிறீர்கள் என்று நேற்றுப் பிடுங்கிவிட்டார்கள்" என்றாள் அவளும் ஆங்கிலத்திலேயே.

அம்மையார் சாமியப்பனைப் பார்த்தார். குழுத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எல்லாரும் சாப்பிடப் போனார்கள். பிறகு வந்த அறிக்கையில் எங்கள் வளாகத் தூய்மைக்குத் தனிப் பாராட்டு இருந்தது.

அடுத்த வாரம் சாமியப்பன் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "நடந்தது நடந்துபோச்சு கண்ணு. மூணாவது வருசத்துக்கு நீயே ஒரு கணக்குப் போட்டு எழுதிக் கொண்டா. நான் கையெழுத்துப் போட்டர்றேன்."

"புல்லு விதை பிடிச்சுச்சுன்னு எழுதவா, பிடிக்கலைன்னு எழுதவா சார்?"

"பிடிச்சுதுன்னே எழுது. நல்ல சேதிதான."

"பிடிச்சிருக்குமான்னு எனக்குத் தெரியாதுங்க. உங்களுக்கும் தெரியாது. இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"மறுபடியும் மொதல்ல இருந்துன்னா இன்னும் மூணு வருசம் போயிரும், பாத்துக்க."

அவள் வெளியே போனாள். குரோட்டன்ஸ் அத்தனையையும் வேரோடு பிடுங்கி வந்து, ஈர மண் சொட்டச் சொட்ட அவர் மேசைமேல் வைத்தாள். "ஊட்டுக்குக் கொண்டு போங்க சார். அழகா இருக்கும்."

வேறொரு பேராசிரியரை வழிகாட்டியாகக் கேட்டு வாங்கி, அதே காட்டிலிருந்து மறுபடி மண் கொண்டுவந்தாள். சாமியப்பனுக்கு அந்த வருஷமே பதவி உயர்வு வந்தது. நாங்களெல்லாம் பட்டம் வாங்கிப் போன பின்பும் அவள் பாத்திக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். மூன்று வருஷமும் மழை பெய்தது. கோரை வந்தது, அருகு வந்தது. கொழுக்கட்டைப்புல் மட்டும் இந்தத் தடவை முளைக்கவே இல்லை.

முளைக்கவில்லை என்றே எழுதிப் பட்டம் வாங்கினாள்.