தேசபந்து மைதானத்தில் இன்னொரு சுற்று

அந்த வருஷம் விருதுநகர் பங்குனிப் பொங்கலுக்கு நாரணாபுரத்திலிருந்து அத்தையும் எங்களோடு வந்தாள். அப்பாவின் தங்கை. பட்டாசுக் கம்பெனியில் மருந்து பற்றிக்கொண்டதில் அவளுடைய வலது கன்னமும் கழுத்தும் வெந்துபோயிருந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு அவள் வாசலைத் தாண்டி நான் பார்த்ததில்லை. அப்பாதான் கெஞ்சி அழைத்து வந்தார்.

தேசபந்து மைதானம் என்றதும் நான் புல்வெளியை நினைத்திருந்தேன். பஜாருக்கு நடுவே, அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில், எங்கும் தலைகளாகத்தான் தெரிந்தது. "சுதந்திரத்துக்கு முந்தி பெரிய பெரிய தலைவருக எல்லாம் இங்கன நின்னுதான் பேசுனாக" என்றார் அப்பா. தலைவர்கள் நின்ற இடத்தில் டெல்லி அப்பளக் கடை போட்டிருந்ததால் எனக்கு மரியாதை வரவில்லை, பசிதான் வந்தது.

அத்தை முந்தானையால் முகத்தை மூடியபடியே நடந்தாள். ராட்டினத்தில் எங்கள் பெட்டி உச்சிக்குப் போனதும் முந்தானையை விட்டாள். காற்று முகத்தில் அடிக்க, கடைகளுக்கு அப்பால் மின்னிய தெப்பக்குளத்தைக் காட்டி, "எம்புட்டு அழகா இருக்கு பாரு தாயி" என்று சிரித்தாள்.

இறங்கும்போது சட்டென்று மூடிக்கொண்டாள். ராட்டினம் நின்று, கம்பியைத் திறந்துவிட்டும் எழவில்லை.

"அண்ணே, இன்னொரு சுத்து."

"கெறக்கம் வருமே" என்ற அப்பா, அவள் பார்வை போன பக்கம் திரும்பினார். கர்ப்பிணி மனைவியைக் கூட்டம் இடித்துவிடாமல் இரு கைகளாலும் மறித்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். அப்பா போய் டிக்கெட் வாங்கினார்.

இந்த முறை உச்சியிலும் அத்தை முந்தானையை எடுக்கவில்லை. அவள் கை நடுங்கியது. "பயப்படாத அத்தை, நான் இருக்கேன்ல" என்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவள் என் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நாங்கள் இறங்கியபோது அந்த இருவரும் போயிருந்தார்கள்.

அத்தை நடுங்கியதையும் நான் தைரியம் சொன்னதையும் ஊரில் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். அன்று ராட்டினத்துக்குக் கீழே மனைவியோடு நின்றவர் அத்தைக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை என்பதும், ஆஸ்பத்திரிக் கட்டில்வரை வந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனவர் என்பதும், எனக்கு மாப்பிள்ளை பார்த்த சமயத்தில்தான் அம்மா சொல்லித் தெரிந்தது.

அடுத்த பங்குனியில், "கெட்டியாப் பிடிச்சுக்கிறேன், வா அத்தை" என்று இழுத்தேன்.

"நீ போயிட்டு வா தாயி."

அத்தைக்கு உயரமென்றால் இவ்வளவு பயமா என்று நினைத்துக்கொண்டே அப்பாவோடு பஸ் ஏறினேன்.